பழுதாகாத மெசின்

அக்கா,

சட்டையில் படம் அழுத்துகிற மெசின் சூடாகிக்கொண்டிருக்கிறது. காலை பத்து மணி. முதல் சட்டைக்கு முன்னம் வருகிற அந்த மணம், தகடு சூடேற ரப்பரும் பழைய பசையும் சேர்ந்து எழும்புகிற மணம், கடை முழுக்கப் பரவிவிட்டது. உங்களுக்கு அது பிடிக்கும். "பாண் சுடுற போறணைக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரி" என்பீர்கள். எனக்கு ஒருநாளும் பாண் மணக்கவில்லை.

மேசையில் உங்கள் முகம் கிடக்கிறது. உங்கள் மகள் நிரோ அனுப்பிய படம். உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்குக் குடும்பத்தாட்கள் போட இருபத்தைந்து ரீசேட் வேணுமாம். நெஞ்சில் படம், கீழே பெயர். "அம்மான்ர கடையிலயே செய்தால்தான் அன்ரி எனக்குச் சரி" என்றாள். நான் ஓமென்றேன். வேறு என்ன சொல்ல?

ஆனால் வேலையைத் தொடங்க முன்னம் உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஏழு வருசத்து வழக்கு. நீங்கள் எனக்குப் பொய் சொன்னீர்கள். இதே மெசினைப் பற்றி, இதே இடத்தில் நின்றுகொண்டு, என் முகத்துக்கு நேரே. செத்த ஆளோடு கோவிக்கக் கூடாதென்று என் மனுசன் காலையில் புத்தி சொன்னார். உயிரோடு இருக்கும்போது கேட்டேனே, மறுமொழி வந்ததா? இப்போதாவது தப்பியோட ஏலாமல் நின்று கேளுங்கோ.

எனக்குச் சந்தேகப்புத்தி. அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. வீட்டுக்குக் கடிதம் வந்தால் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பேன். மாதிரித் தாளில் கையெழுத்து வைக்காமல் எந்த வாடிக்கையாளரையும் நான் வெளியே விட்டதில்லை. நீலம் கேட்டுவிட்டு, சட்டை வந்தபிறகு "நான் பச்சையல்லோ சொன்னனான்" என்று நிற்கிற சனம் எங்கள் சனம். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். "உம்மைப் போல ஒருத்தி எங்கட அகதிக் கேஸை விசாரிச்சிருந்தால், வுப்பர்டால்ல ஒரு தமிழனுக்கும் விசா கிடைச்சிராது" என்று நிரோவுக்குச் சொல்லுவீர்கள்.

படம் கீறுகிறது நான், சட்டையில் அழுத்துகிறது நீங்கள். வேலைவாய்ப்புக் கந்தோர் அனுப்பிய வகுப்பில் கொம்பியூட்டரில் வடிவமைக்கப் படித்தவள் நான். பதினைந்து வருசம் ஹோட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு மினுக்கினவர் நீங்கள். துணிக்கு எவ்வளவு சூடு என்று உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும். தொங்குரயில் தலைக்கு மேலே போகிற இந்த வுப்பர்டால் தெருவில், கெபாப் கடைக்குப் பக்கத்தில், எங்களுக்கு வேலை குறையவில்லை. பாலர் பாடசாலைக்கு ஏப்ரன், பேக்கரிக்குத் தொப்பி, பெண்பிள்ளை வயசுக்கு வந்த சாமத்திய வீட்டுக்குச் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை.

நீங்கள் பொய்யே சொல்லாத மனிசி என்று நான் சொல்லமாட்டேன். உங்களைப் போல முகம் மாறாமல் பொய் சொல்ல வேறு ஆராலும் ஏலாது. "எனக்கு எம் சைஸ் காணும்" என்று அடம்பிடிக்கிற அன்ரிமாரை நினைவிருக்கிறதா? ஓம் ஓம் என்று எழுதிக்கொண்டு, இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து, கழுத்து லேபலைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுக் கொடுப்பீர்கள். அவர்கள் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். "பாத்தியே, எம் அளவாத்தான் இருக்குது" என்பார்கள். நீங்கள் தலையாட்டுவீர்கள். நான் உள்ளுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஆனால் உங்கள் பொய் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டு சந்தோசமாகப் போகிற ஒரு ஆள். மெசின் பொய்க்கு மட்டும் அப்படி ஒருவரும் இல்லை. அதுதான் எனக்கு இடித்தது.

மாஸ்டர் செத்த வருசம். எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் உதைபந்தாட்டம் பழக்கிய மனிதர், மனைவி பிள்ளை இல்லாத தனி ஆள். பயிற்சி முடிந்ததும் தையல் விட்ட ஜேசிகளை, பிள்ளைகளின் விளையாட்டுச் சட்டைகளை, ஒரு பையில் அள்ளிக்கொண்டு நேரே கடைக்கு வருவார். நீங்கள் தைத்துக் கொடுப்பீர்கள், அவர் தேத்தண்ணி குடிப்பார். ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. உதைபந்தாட்டக் கழகம் அவர் பெயரில் நினைவுக் கிண்ணப் போட்டி நடத்த முடிவெடுத்தது. முதுகில் அவர் முகம் போட்ட நாற்பது ரீசேட்டுக்குச் செயலாளர் வந்து ஓடர் தந்தார். விசில் வாயில் இருக்க, சிரிப்பு அடக்க முடியாமல் கன்னம் உப்பியிருக்கிற படம். அதை நான் இரண்டு நாள் குந்தியிருந்து செய்தேன். என் கைக்கு வந்த வேலைகளில் அதுதான் திறம். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளுக்குப் போனீர்கள்.

வியாழக்கிழமை எனக்குப் பல் வைத்தியரிடம் ரெர்மின், நேரம் குறித்துத் தந்திருந்தார்கள். மத்தியானம் திரும்பி வருகிறேன், நாற்பது சட்டையும் ஒன்றும் அடிக்காமல் பெட்டியில் இருக்கின்றன. முகம் அச்சடித்த படத்தாள்கள் சுருட்டிக் கட்டியபடி.

"மெசின் பழுது. சூடு ஏறுதில்லை" என்றீர்கள். "ஹாகனில இருக்கிற கடைக்குச் சொல்லிப்போட்டன். பின்னேரம் வந்து எடுப்பினம்."

என்னைக் கேட்காமல் வேறு ஊர்க் கடைக்கா? எனக்கு அப்பவே பொறி தட்டியது. நீங்கள் பின்னுக்குப் போன நேரம் பார்த்து, தகட்டுக்கு மேலே கையைப் பிடித்தேன். வெதுவெதுப்பு. சூடு ஏறாத மெசினுக்கு அந்த வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தது? அடுத்தநாள் ஒன்பது மணிக்கு நான் கதவைத் திறக்க, நீங்கள் பேக்கரிக்காரருடைய தொப்பிகளை அழுத்திக்கொண்டு நிற்கிறீர்கள்.

"ஆர் வந்து திருத்தினது?"

"தானாச் சரி வந்திட்டுது."

தானாக! கடவுளே, தானாகச் சரிவருகிற மெசின் இந்த ஜெர்மனியில் எங்கே இருக்கிறது?

அன்றிலிருந்து நான் உங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். மாஸ்டருக்குத் தேத்தண்ணியில் சீனி எத்தனை கரண்டி என்று கேளாமலே போடுவீர்களே, அது ஏன்? ஜேசி தைக்க ஊசி நூலோடு அரை மணித்தியாலம் காணும், அவர் ஏன் ஒரு மணித்தியாலம் இருப்பார்? உங்கள் மனுசன் போய்ச் சேர்ந்து அப்போது ஆறு வருசம். அல்லது மாறி, அவரோடு ஏதும் பகையா? முகத்தைக்கூட அடிக்க மனம் வராத பகை? இரண்டில் ஒன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடை ரெலிபோனில் மாஸ்டரின் பழைய செய்திகளைக்கூடத் தோண்டிப் பார்த்தேன். "இண்டைக்கு ஏழு ஜேசி", "நன்றி", "மழை". அதற்குள்ளும் நான் எதையோ தேடினேன்.

நினைவுக் கிண்ணத்துக்கு நீங்கள் வந்தீர்கள். மைதானம் முழுக்க மாஸ்டரின் முகம் நடமாடியது. நானும் ஒன்று போட்டிருந்தேன். என் வடிவமைப்பு அல்லவா, ஆட்களுக்கு முதுகைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். நீங்கள் ரோல்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு புல்லையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கிண்ணம் கொடுக்க முன்னமே போவோம் என்றீர்கள்.

காரில் கேட்டேன். "அக்கா, மாஸ்டரோட உங்களுக்கு ஏதும்..."

"உமக்கென்ன விசரே?"

மூன்று சிக்னல் கடந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னீர்கள். "ஏலாமல் போச்சு. அவ்வளவுதான்."

நான் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்தேன். என்னிடம் மறைக்க உங்களுக்கு ஒன்று இருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன என்பதல்ல. இரண்டு மாதம் "அதைத் தாங்கோ", "இதை வையுங்கோ" தவிர வேறு கதை இல்லை. கடையைப் பிரித்து என் பெயரில் தனியாகப் பதிய நகரசபையில் ரெர்மின் எடுத்தேன். ரெர்மினை உறுதிப்படுத்துகிற கடிதம் கடை விலாசத்துக்கு வரும் என்று என் மூளைக்கு எட்டவில்லை. உலகத்தையே சந்தேகிக்கிற எனக்குத் தபால்காரனைச் சந்தேகிக்கத் தோன்றாமல் போயிற்று.

கடைக்கு வருகிற கடிதங்களை உடைக்கிறது நீங்கள்தான். அன்று அது உடைத்தபடி என் மேசையில் இருந்தது, அதற்கு மேலே தேத்தண்ணிக் கோப்பை.

"ஆறப்போகுது, குடியும்" என்றீர்கள்.

குடித்தேன். ரெர்மினுக்குப் போகவில்லை. அந்தக் கிழமைதான் கெவெலார் மாதா யாத்திரைக்கு இருநூறு சட்டை ஓடர் வந்தது. வேலை மும்முரத்தில் வாய் தானாகத் திறந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை அக்கா. கறுப்புத் துணியில் ஒட்டிய பஞ்சு மாதிரி, தட்டத் தட்டக் கிடந்தது.

போன மாதம் ஆஸ்பத்திரியில், நிரோ கோப்பி எடுக்கப் போன இடைவெளியில், நேரே கேட்டேன். "அண்டைக்கு மெசின் பழுதில்லைத்தானே?"

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். "இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீரே?"

"சொல்லுங்கோ அக்கா."

"மெசின்ர அந்த ரப்பர் மெத்தையை மாத்தும். ஒரு பக்கம் தேஞ்சுபோச்சு."

மெத்தையாம்! தொங்குரயிலில் கோபத்தோடு அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி கைக்குட்டை தந்தாள்.

மெசின் கூவுகிறது. சூடு சரி. போய் முதல் சட்டையை அடித்துவிட்டு வாறன்.

*

பின்னேரம் ஆறு மணி. இப்போதுதான் திரும்ப எழுத உட்காருகிறேன்.

முதல் சட்டையை விரித்தேன். ரப்பர் மெத்தை புதுசு, மாற்றிவிட்டேன். உங்கள் படத்தாளை நெஞ்சில் நேராக வைத்தேன். அது மெல்லிய பிளாஸ்ரிக் தாள், ஊடாக முகம் அப்படியே தெரியும். கெவெலாரில் எடுத்த படம். ஆகஸ்ட் வெயில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறீர்கள். அன்று வெயில் கன்னத்தில் பட்டதற்கே சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு "ஐயோ, சுடுகுது பிள்ளை" என்று நின்றீர்கள்.

அடுத்ததாக, தகட்டில் ஒட்டாமல் இருக்கப் படத்துக்கு மேலே வெள்ளைத் தாளை விரிக்க வேண்டும். விரித்தேன். முகம் மூடப்பட்டது. தகட்டின் பிடியில் கையை வைத்தேன். நூற்றைம்பது பாகைக்கு மேலே சூடு, பதினைந்து செக்கன். வேறு ஒன்றுமில்லை, கீழே இழுக்க வேண்டியதுதான்.

இழுக்க ஏலவில்லை.

படம் சரிந்திருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு வெள்ளைத் தாளை எடுத்தேன். சரிந்திருக்கவில்லை. திரும்ப மூடினேன். திரும்ப எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தேன், கை பாதி வழியில் நின்றுவிட்டது. பிறந்தநாள்காரர், மாப்பிள்ளை பொம்பிளை என்று எத்தனை முகத்தை இந்தத் தகட்டுக்குக் கீழே விட்டு எடுத்திருக்கிறோம்! ஒன்றிலும் இப்படி வரவில்லை, அதெல்லாம் உயிரோடு இருக்கிற முகங்கள். அப்படியே நிலத்தில் குந்தியிருந்து, வாய்விட்டு அழுதேன்.

இதுதானா அக்கா? இவ்வளவுதானா? செத்தவரின் முகத்தை நாற்பது தரம் மூடி, நாற்பது தரம் சுட வேண்டுமென்று மெசினுக்கு முன்னால் நீங்கள் தனியே நின்றீர்களா, நான் பல்லைக் காட்டிக்கொண்டு பல் வைத்தியரின் கதிரையில் படுத்திருந்த நேரத்தில்? இதற்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் உங்களுக்கு?

குறைந்திருக்கும்தான். சொல்லியிருந்தால், நான் அந்தச் சட்டையை முதுகில் போட்டிருக்கமாட்டேன். மைதானத்தில் அதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்திருக்கமாட்டேன். லேபலை நறுக்கித்தான் என்னிடமும் தந்திருக்கிறீர்கள். அந்தப் பொய்யைப் போட்டுக்கொண்டு சந்தோசமாகத் திரிந்த ஆள் நான்தான்.

ஆனால் நில்லுங்கோ. உங்களை அப்படியே விட்டுவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குக் கை நின்றது உங்களில் உயிராக இருந்ததால். அப்படியென்றால் மாஸ்டரின் முகத்துக்கு உங்கள் கை ஏன் நின்றது? என் சந்தேகமும் முழுக்கப் பிழையில்லை, இல்லையா? இதற்கும் சிரிப்பீர்கள். சிரியுங்கோ. உங்களில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இரண்டு மணிக்கு நிரோவுக்கு ரெலிபோன் எடுத்தேன். எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டுதான் எடுத்தேன். வாயைத் திறக்க, வந்தது இதுதான்.

"பிள்ளை, மெசின் பழுது. சூடு ஏறுதில்லை."

"நேற்று நான் வரேக்க நல்லா வேலை செய்ததே அன்ரி?"

"இண்டைக்குத்தான். ஹாகன் கடைக்குச் சொல்லிப்போட்டன். நாளைக்கே செய்து தருவினம்."

வேலை முடிந்து நேரே வந்தாள். ஹாகனுக்குக் கொண்டுபோகப் படத்தாள்களையும் சட்டைப் பெட்டியையும் கொடுத்தேன். அவள் உடனே போகவில்லை. மெசினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, நீங்கள் பெற்ற பிள்ளை, நான் செய்ததைத்தான் செய்தாள். தகட்டுக்கு மேலே கையைப் பிடித்தாள். நான் அதை நிற்பாட்ட மறந்துபோனேன் அக்கா.

"நல்ல சூடாக் கிடக்குது, அன்ரி."

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பிள்ளை உங்கள் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவாளா? போகமாட்டாள். இருபத்தைந்து பேரும் போடமாட்டார்கள்.

"ஏலாமல் போச்சு பிள்ளை. அவ்வளவுதான்" என்றேன்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவடியில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அன்ரிக்கும் அம்மாவுக்கும் இடையில் என்ன நடந்தது, அம்மாவின் முகத்தைக்கூட அடிக்க மாட்டேன் என்கிற அளவுக்கு என்ன பகை என்று கேட்கிற பார்வை. எனக்கு அது நல்லாத் தெரியும். ஏழு வருசம் நான் உங்களைப் பார்த்த பார்வை அது.