காக்கை வராத மணல்திட்டு

ஜனவரி 4, ஞாயிறு

பச்சை மொச்சை வந்துவிட்டது. அரைக் கிலோ வாங்கி வந்து உரிக்க உட்கார்ந்தேன். ஹைதராபாத்தின் அந்தக் கோடி, காஞ்சன்பாக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி பாமா வந்து சேர்ந்தாள். வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "அக்கா, இந்த மாசம் நாம நாலு பேரும் கார்வார் போறோம். தனிப் படகு எடுத்துண்டு தீவு தீவாப் பார்க்கப் போறோம்" என்றாள்.

நாலாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. தெரியாதா என்ன? வேணுகோபால். அவள் வேலை பார்க்கிற லேபில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வாரங்கல்காரர், தெலுங்கு. மனைவி தவறி ஆறு வருஷம். பாமாவின் வீட்டுக்காரர், எங்கள் சங்கர் போய்ப் பதினோரு வருஷம். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார்கள். ஐம்பத்தோரு வயதில்! என் தங்கையின் துணிச்சலை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நான் ஒரு புது மிக்ஸி வாங்கவே இரண்டு மாதம் யோசிப்பேன்.

அவள் பெண் நித்யஸ்ரீ புனேயிலிருந்து "தாராளமா பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டாளாம். பெற்ற பெண்ணே சரி என்றபின் மிச்சம் யார்? இவர்தான்.

என் வீட்டுக்காரர் விஸ்வநாத், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தர ஆய்வில் இருந்து ரிடையர் ஆனவர். எந்தச் சாமானையும் மூன்று தரம் பார்க்காமல் பாஸ் பண்ணமாட்டார், கத்தரிக்காய் உள்பட. சங்கர் போன நாளிலிருந்து பாமாவுக்கு அப்பா ஸ்தானத்தில் நின்றவரும் இவர்தான். நித்யாவின் பரீட்சைக்கெல்லாம் ஸ்கூட்டரில் கூட்டிப் போய், வாசலிலேயே காத்திருந்து கூட்டி வருவார். அதனால்தான் பாமா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "அத்திம்பேர் மனசார சரின்னு சொல்லணும் அக்கா. இல்லைன்னா இதை இத்தோட விட்டுடறேன். கோபமெல்லாம் இல்லை."

இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு மாதமாக "பார்க்கலாம், பார்க்கலாம்". வேணுகோபால் பெயரைக்கூடச் சொல்வதில்லை. 'அந்த மனுஷர்' என்கிறார்.

எனக்குக் காரணம் தெரியும். சங்கரை இவர் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் ஒருவருக்கொருவர் ஷட்டகர் இல்லையா, அந்த முறையை வைத்து "என்ன ஷட்டகரே" என்றுதான் வாசலிலேயே ஆரம்பிப்பார். சங்கர் போனதோடு அந்த வார்த்தையும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

ஜனவரி 6, செவ்வாய்

இவர் வரச் சம்மதித்துவிட்டார். முப்பது பேரை ஏற்றிக்கொண்டு பாட்டைப் போட்டு ஆடுகிற படகென்றால் வரமாட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தார். தனிப் படகு என்றதும் பேச வழியில்லை. பாமா கெட்டிக்காரி.

ஜனவரி 11, ஞாயிறு

படகுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பதினெட்டாம் தேதி, தை அமாவாசை. நாள் இவருடையது. "நிறைஞ்ச நாள். கார்த்தால தர்ப்பணம், சமுத்திர ஸ்நானம், அப்புறம் படகு. இதைவிட ஒரு நாள் அமையுமா?" என்று போனில் பாமாவிடம் சொன்னார். வேணுகோபாலும் அவள் பக்கத்தில் இருந்தார் போலிருக்கிறது. இவர் என்ன நினைத்தாரோ, "அவருக்கும் சௌகரியம்தானே, கேளு" என்றார். நாலு மாதத்தில் அந்த மனுஷரிடம் இவர் கேட்ட முதல் கேள்வி!

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வேணுகோபால் குரல்: "மீ இஷ்டம், விஸ்வநாத் காரு. உங்க இஷ்டம்தான்."

ஏன் அந்தத் தயக்கம்? லீவு கிடைக்கவில்லையோ?

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. வெல்லம்தான் கொஞ்சம் தூக்கல்.

ஜனவரி 17, சனி. கார்வார்

கோவா வரை விமானம், அங்கிருந்து கார். ஒரு திருப்பத்தில் சட்டென்று கடல் தெரிந்தது. ஹுசேன் சாகரைக் கடல் மாதிரி என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேனே, வெட்கமாகப் போய்விட்டது. மலை நேராக இறங்கிவந்து தண்ணீரில் கால் வைக்கிறது. தூரத்தில் பச்சைப் பச்சையாகத் தீவுகள். நான் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

தங்கின வீட்டில் சமையலறையும் உண்டு. அமாவாசைச் சமையலுக்கு இங்கே வாழைக்காய் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஹைதராபாத்திலிருந்தே நான்கு காய் கொண்டுவந்தேன். பாமா விழுந்து விழுந்து சிரித்தாள். "நக்கோ அக்கா, போதும்! வாழைக்காயை ப்ளேன்ல ஏத்தின ஒரே ஆள் நீதான்!" வேணுகோபால் சிரிக்கவில்லை. என் பையில் நசுங்கும் என்று தன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துவந்தார். ஒன்றில்கூட அடிபடவில்லை.

மனுஷர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் கூடவே இருக்கிறார். நல்ல குணம்.

ஜனவரி 18, ஞாயிறு

எல்லோரும் பத்திரம். புடவை முழுக்க மணல். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 19, திங்கள். கோவா விமான நிலையம்

விமானம் தாமதம். நல்லதாகப் போயிற்று, எழுதலாம்.

காலையில் இவர் கடலில் முழுக்குப் போட்டு, ஈர வேஷ்டியோடு வந்து தர்ப்பணத்தை முடித்தார். வாழைக்காய்க் கறி, மோர்க்குழம்பு, பாயசம் எல்லாம் தூக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். படகுக்காரர் முதலிலேயே ஹிந்தியில் சொல்லிவிட்டார்: "இன்று அமாவாசை, கடல் ரொம்ப தூரம் பின்வாங்கும். மூன்றாவது இடத்தில் அதிக நேரம் நிற்க முடியாது." இவர் பெரிய அதிகாரி மாதிரித் தலையாட்டினார்.

என்ன சொல்ல, அந்தக் காலைப் பொழுதை! எங்கள் நாலு பேருக்கென்று ஒரு படகு. முதல் தீவில் ஏறிப்போய் நரசிம்மரைச் சேவித்தோம். அடுத்தது கலங்கரை விளக்கம் இருக்கிற தீவு, அதை வலம் வருகிற மாதிரி ஒரு சுற்று. பாதி வழியில் இரண்டு டால்பின்கள் முதுகைக் காட்டிவிட்டுப் போயின. "மறுபடியும், மறுபடியும்!" என்று கத்தினது நான்தான். பாமா சல்வாரோடு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பென்று கடலில் குதித்துவிட்டாள். தலையை வெளியே நீட்டிச் சிரித்தாள் பார், பதினோரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு. இவரும் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது ஒரு மணல்திட்டு. மரம் மட்டை ஒன்றும் இல்லை, சுத்தமான வெள்ளை மணல். அங்கேதான் சாப்பாடு. தலைவாழை இலையைப் போட்டேன். இவர் ஒரு பிடி சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டு, கொஞ்சம் தள்ளி மணலில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டார்.

அமாவாசையன்று காக்கை எடுத்தபின்தான் எங்கள் வீட்டில் இலையில் கை வைப்போம். ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூப்பிடுவதற்கு முன்பே ஏழெட்டு வந்து உட்கார்ந்திருக்கும். இங்கே? நடுக்கடலில் காக்கைக்கு என்ன வேலை? ஒரு பருந்து மேலே வட்டமடித்தது. வந்து பார்க்கக்கூட இல்லை.

காலையிலேயே, தங்கின வீட்டு மதிலில் வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். "வெச்ச உடனே சாப்பிடணும். எட்டு மணிக்கு வெச்சுட்டு மத்தியானம் சாப்பிடறது என்ன கணக்கு?" என்றாரே! இப்போது கூப்பிட்டார், கூப்பிட்டார், தொண்டை கட்டுகிறவரை கூப்பிட்டார். படகுக்காரர் இரண்டு தரம் வந்து தண்ணீரைக் காட்டினார். "பாஞ்ச் மினிட்" என்றார் இவர். எனக்குப் பசியில் கண் இருட்டியது. கோபம் கோபமாக வந்தது. பெரியவர் சாப்பிடவில்லை என்று வேணுகோபாலும் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவர் எழுந்து மெதுவாக இவர் பக்கத்தில் போய் நின்றார். "விஸ்வநாத் காரு, ஒண்ணு அடகனா? கேட்கலாமா?" என்றார். "சங்கர் காருக்கும் ஒரு பிடி வைக்கலாமா? இந்த ட்ரிப்ல அவரும் இருக்கணும் இல்லே?"

பாமா தலையைக் குனிந்துகொண்டாள்.

இவர் இலையிலிருந்து இன்னொரு பிடி எடுத்து உருட்டினார். வாழைக்காய்க் கறியையும் அதன்மேல் வைத்தார். சங்கருக்கு அது ரொம்பப் பிடிக்கும். முதல் பிடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, "சாப்பிடலாம்" என்றார். காக்கை எடுக்காமல் அமாவாசைச் சாப்பாடு! கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

பாயசம் சாப்பிட்டுக் கை கழுவப் போனால் கழுவத் தண்ணீர் இல்லை. கடல் எங்கேயோ போய்விட்டிருந்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து மணலில் உட்கார்ந்திருந்தது. படகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. இனிமேல் தண்ணீர் ஏறினால்தான், இருட்டிவிடும் என்றார். போனில் கரைக்குத் தகவல் சொன்னார்.

இவர் முகம் சுண்டிப்போய்விட்டது. நாளும் இவர் குறித்தது, காக்கைக்குக் காத்திருந்ததும் இவர். "என்னாலதான்" என்றார். வேறு யாராவது இருந்தால் ஒரு சொல்லாவது சொல்லியிருப்பார்கள். நானே சொல்ல வாயெடுத்தேன். வேணுகோபால் கமலாப்பழத்தை உரித்து இவர் கையில் கொடுத்துவிட்டு, "பரவாலேது. ஞாயித்துக்கிழமை, படகும் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். இவருக்குத் தன்னையறியாமல் என்பார்களே, அப்படி ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

நானும் பாமாவும் திட்டின் கோடி வரை நடந்தோம். அங்கே வைத்துத்தான் அவள் சொன்னாள். "அக்கா, அத்திம்பேர்ட்ட சொல்லாதே. வேணுகோபால் ஆத்துல அமாவாசைன்னா வாசப்படி தாண்டமாட்டா. புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கமாட்டா, ஊருக்குப் போகமாட்டா. அவர் அம்மாவுக்குத் தெரிஞ்சா அழுவா. நாளை மாத்தச் சொல்லுங்கோன்னு நான் எவ்வளவோ சொன்னேன். 'அவர் என்னை முதமுதல்ல ஒண்ணு கேட்டார் பாமா, அதுக்கு எப்படி நோ சொல்றது'ங்கறார்."

அதுதான் அன்று போனில் கேட்ட மௌனம்! எங்களுக்கு நிறைந்த நாள், அவர்களுக்கு ஆகாத நாள். இத்தனை வருஷம் தெலுங்குக்காரர்களுக்கு நடுவில் குடியிருக்கிறோம், இது எங்களுக்குத் தெரியவில்லையே? தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

தூரத்தில், சாய்ந்த படகின் விளிம்பில், இரண்டு பேரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருட்டினதும் வானத்தைப் பார்க்க வேண்டுமே! நிலா இல்லாததால் அத்தனை நட்சத்திரம். ஹைதராபாத்தில் இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தெரியாது. தண்ணீர் மெல்ல வந்து படகைத் தொட்டது, ஆட்டியது, தூக்கியது. ஏறுவதற்கு முன் இவர் டார்ச் அடித்து சாதம் வைத்த இடத்தைப் பார்த்தார். சின்னச் சின்ன நண்டுகள், ஒரு பருக்கை விடாமல் இழுத்துக்கொண்டு போயிருந்தன. இரண்டு பிடியும் காலி.

"எடுத்துண்டுட்டா" என்றார்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

சொல்லாதே என்றாள். எனக்கு வாய் நிற்குமா? இரவு படுக்கும்போது இவரிடம் சொல்லிவிட்டேன், அவர்கள் வீட்டில் அமாவாசை எப்படி என்று. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

ஜனவரி 26, திங்கள்

ஒன்றும் பேசவில்லை. கொடியேற்றம் பார்த்தார், பேப்பர் படித்தார், வெண்டைக்காயில் நாலை முற்றல் என்று ஒதுக்கினார். எனக்கு மண்டை வெடிக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

பாமா வந்து போனாள். கேட்கவில்லை. காபி குடித்தாள், இவருடைய பிளட் பிரஷர் மாத்திரையை எண்ணிப் பார்த்தாள், கிளம்பினாள். வாசலில் என்னிடம் மட்டும், "அவர் மனசுல இல்லாததைக் கேட்டு வாங்கக்கூடாது அக்கா" என்றாள். எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு. நான் உள்ளே போய் அழுதேன். இவருக்குக் கேட்கட்டும் என்றுதான் அழுதேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாசி அமாவாசை. தர்ப்பணம் முடிந்தது. மொட்டை மாடியில் இவர் சாதம் வைக்கப் போனபோது நானும் கூடப் போனேன். இரண்டு பிடி வைத்தார். இரண்டாவதில் வாழைக்காய்க் கறி. காக்கைகள் காத்திருந்த மாதிரி இறங்கின.

சாப்பிட்டு எழுந்ததும் பாமா போன் செய்தாள். சாயங்காலம் வேணுகோபாலும் அவளும் வரட்டுமா, உட்கார்ந்து ஒரு முடிவாகப் பேசிவிடலாம் என்றாள். குரல் தைரியமாகத்தான் இருந்தது. நான் போனைக் கையில் பிடித்தபடி இவரைப் பார்த்தேன்.

இவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஷட்டகரை இன்னிக்கு வரச் சொல்லாதே. அமாவாசை, அவா ஆத்துல வாசப்படி தாண்டமாட்டா. நாளைக்கு வரட்டும். ரெண்டு பேரும் சாப்பாட்டுக்கே வந்துடட்டும்."

பாமா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் போனில் கேட்டது.

இவர் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்குக் கிளம்பிவிட்டார். வாழைக்காய் நான் பார்த்து வாங்கினால் சரியாக இருக்காதாம்.