சிவப்பியின் இரண்டாவது பிரேக்

ஜூன் 3

வணக்கம்.

இங்கே நலம். நீங்களும் உங்கள் அக்காவும் நலம்தானே? உங்கள் முதுகுவலித் தைலம் தீர்ந்திருக்கும். சொன்னால் மருந்துக்கடையில் என் கணக்கிலேயே எடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பியை விற்கப் போகிறேன். நீங்கள் போகும்போது ஆணியில் மாட்டிய சாவி மூன்று வருடமாக அங்கேயேதான் தொங்குகிறது. ஓட்ட லாயக்கில்லாதவள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு வாராவாரம் தூசி தட்டுவது எதற்கு?

விளம்பரம் பார்த்து ஒரு பல் டாக்டர் வந்தார். அறுபது வருடத்து வண்டி இப்படிப் பளபளக்கிறதே என்று, ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிறவர் தன் வாயைப் பிளந்தார். பிறகு பக்கத்து இருக்கையின் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பக்கமும் ஒரு பிரேக்கா? இது ஸ்போர்ட்ஸ் காரா, டிரைவிங் ஸ்கூல் வண்டியா?" என்று சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "நான் ஓட்டப் பழகினப்போ வீட்டுக்காரர் வெச்சது" என்றேன். அதைக் கழற்றிக் கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்வாராம்.

உங்களுக்கு இரண்டு வேலை. பதிவுப் புத்தகத்தில் நம் இருவர் பெயரும் இருப்பதால் இத்துடன் உள்ள படிவத்தில் கையெழுத்து வேண்டும். வண்டியில் என்னென்ன மாற்றினீர்கள் என்று டாக்டருக்கு ஒரு பட்டியலும் வேண்டும்.

இப்படிக்கு,
பதிவுப் புத்தகத்தில் இரண்டாவது பெயர்


ஜூன் 9

அன்புள்ள கண்ணாடிக்கு,

செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. பழக்கதோஷம். அக்கா சௌக்கியம். தைலம் போன வருடமே தீர்ந்துவிட்டது, நீ இப்போதுதான் கேட்கிறாய்.

டாக்டரிடம் இப்படிச் சொல். வாங்கும்போது அது கார் இல்லை, கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த துருப்பிடித்த கூடு. கதவுகளுக்குக் கீழே தகடு முழுக்கப் புதிது. எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் பிற்காலத்து வண்டியிலிருந்து எடுத்தவை. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். ரேடியேட்டருக்கு மின்விசிறி. சீட் பெல்ட் நான் பொருத்தியது. ஸ்டீயரிங்கும் கடிகாரமும் பழசு, கடிகாரம் எப்படித் திருப்பி வைத்தாலும் பத்து நிமிடம் பின்தங்கியே நிற்கும், அதைத் திருத்த முடியவில்லை என்று உண்மையைச் சொல்லிவிடு. சீட் உறை தைத்தது நீ. அதை விட்டுவிடாதே, அந்தத் தையலுக்கே தனியாக விலை கேட்கலாம்.

பக்கத்து பிரேக்கை மட்டும் யாரும் தொட வேண்டாம். முனைக்கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டு அடியில் படுக்க வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கழற்றுகிறேன், கையெழுத்தும் அப்போதே போடுகிறேன். டாக்டர் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் அவரே ஓட்டட்டும். நீ கை வைக்காதே.

இப்படிக்கு,
வீட்டுக்காரர் (நீதான் அப்படி எழுதியிருக்கிறாய்)


ஜூன் 17

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வரை பார்த்தேன். பஸ் பணிமனையில் அவசர வேலை என்று அக்கா போனில் சொன்னார். டாக்டர் அவசரப்படுத்தினார், அதனால் முனைக்கடை மெக்கானிக்கையே கூப்பிட்டேன்.

அவர் அடியில் போன வேகத்தில் வெளியே வந்தார். "அக்கா, இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க? நாலு போல்ட்டு, கழட்டினா கையோட வந்துரும். இது எதோடயும் சேரவே இல்லியே, பிரேக்குக்குப் போற கம்பியையே காணோம்."

"கம்பி அறுந்து விழுந்துருச்சா?"

"அறுந்தெல்லாம் விழல. யாரோ பதமா கழட்டி, ஓட்டைக்கு ரப்பர் மூடி போட்டு, மேல பெயிண்டும் அடிச்சிருக்காங்க. வேலை தெரிஞ்ச கை."

கொட்டகையில் கிடந்த பழைய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத் தெருவில் அந்த சைக்கிள்காரி குறுக்கே வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் ஓட்டினேன், நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அவளுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. கூடின கூட்டத்திடம் நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம்: "நல்லவேளை, நான் மிதிச்சேன்." அன்றைக்குச் சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டவள், ஐந்து வருடமாகத் தொடவில்லை. என் கையால் ஒரு பெண் செத்திருப்பாள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு கடைக்கும், அம்மாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கும், எங்கே போவதற்கும் உங்களையே எதிர்பார்த்தேன். "நான் என்ன உனக்கு டிரைவரா?" என்று நீங்கள் கேட்டதில் தொடங்கிய சண்டைதான் உங்களை அக்கா வீடு வரை கொண்டுபோய் விட்டது.

ஒரே ஒரு கேள்வி. அந்தக் கம்பியை அந்த நாளுக்கு முன்னால் கழற்றினீர்களா, பின்னாலா? டாக்டரைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டாவது பெயர்


ஜூன் 24

அன்புள்ள கண்ணாடிக்கு,

முன்னால்.

பணிமனையில் அவசர வேலை எதுவும் இல்லை. வர பயமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று முதலில் நினைத்தேன், பிறகு அதற்கும் தைரியம் வரவில்லை.

நீ பழக ஆரம்பித்த இரண்டாவது மாதமே கழற்றிவிட்டேன். நான் சும்மா கால் வைத்தாலே அந்தக் கம்பி பிரேக்கைப் பிடித்து இழுத்தது, நீ ஓட்டுவதற்கு என் கால்தான் இடைஞ்சல். நீ என்னைவிட நன்றாக ஓட்டினாய். அதை உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெடலை மட்டும் விட்டுவைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் மிதிக்க ஏதாவது வேண்டும் இல்லையா.

அன்றைக்கு நான் மிதித்தது உண்மை. வண்டி நின்றதும் உண்மை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதைத்தான் சொல்லவில்லை. நிறுத்தியது உன் கால். அத்தனை பேர் என் முதுகைத் தட்டியபோது சுகமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அதற்குள் சாவி என் பைக்கு வந்துவிட்டது. அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்ல வாய் வரவில்லை. டிரைவரா என்று கேட்ட இரவும் வரவில்லை. நான் செய்தது ரொம்பத் தப்பு. மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அந்தக் கம்பி எங்கே என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அடுப்படியில் கைத்துண்டு காயப்போடுகிறாயே, அதுதான்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்.

இப்படிக்கு,
சொல்லாமல் விட்டவன்


ஜூலை 2

என்னங்க,

கடிதம் வந்த அன்று அடுப்படியில் போய் அந்தக் கம்பியைப் பார்த்தேன். ஆறு வருடமாக ஈரக் கையைத் துடைத்துத் துடைத்து அதில்தான் துண்டைப் போட்டிருக்கிறேன். பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. எறியவில்லை, துண்டு காய வேண்டுமே.

என் கோபம் போகவில்லை. எப்போது போகும் என்று என்னையும் கேட்காதீர்கள். ஐந்து வருடம் சின்ன விஷயமா?

பல் டாக்டரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். "ஏன்மா, பிரேக்கைக் கழட்ட முடியலையா?" என்றார். "கழட்டியாச்சு சார், அதனாலதான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் வாங்குபவர் இடம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதிப் பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். சிவப்பி இனி என் ஒருத்தியுடையது.

மெக்கானிக்கிடம் புது பேட்டரி போடச் சொல்லி, நேற்றுக் காலை அதை வெளியே எடுத்தேன். முதல் சந்து வரை முதல் கியரிலேயே போனேன். பள்ளிக்கூடத் தெருவில் வேண்டுமென்றே போய், அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். சொன்ன இடத்தில் நின்றது. ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்து ஒரு மூச்சு அழுதுவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவும் அதில்தான் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தைலத்தோடு அக்கா வீட்டு வாசலுக்கு வருவேன். வண்டிக் கடிகாரப்படி பத்து, அதனால் பத்து நிமிடம் தாமதமாகும். ஏறுவதும் ஏறாததும் உங்கள் இஷ்டம். ஏறினால் காலைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
கண்ணாடி