நீ தொடங்கிய குழு

இன்று காலை ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வரும்போது கைபேசி அதிர்ந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில், உன் பெயரோடு "வெளியேறினார்" என்று ஒரு வரி. நீ கண்மூடி ஐந்து மாதம் ஆகிறது. உன் எண்ணை நீக்க எனக்கும் மனம் வரவில்லை, குழுவில் வேறு யாருக்கும் வரவில்லை. யாரும் பயன்படுத்தாத எண் என்று செயலியே எடுத்துவிட்டது போலிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாம் முதலில் சந்தித்தபோது நீ எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகர், நான் குடிநோய் மறுவாழ்வு மையத்தில் நர்ஸ். பஸ்ஸில் இருபது நிமிட தூரம்தான். ஆனாலும் ஐயம்பேட்டையிலிருந்து அந்த நெசவாளர் வரும்வரை நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. உங்கள் மையத்தில் அவரிடம், "குடிய நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மாத்திரை ஆரம்பிக்கலாம்" என்றிருந்தார்கள். எங்கள் இடத்தில், "அங்க மாத்திரை ஆரம்பிச்சுட்டு வாங்க, அப்புறம் சேத்துக்கறோம்" என்று சொன்னது நான்தான். மூன்றாவது முறை அவர் எங்களிடம் திரும்பி வந்தபோது நீயும் கூடவே வந்தாய். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாய்.

"நீங்க அங்க அனுப்புறீங்க, நாங்க இங்க அனுப்புறோம். இந்த மனுசன் பஸ்ஸுலயே செத்துப் போவாரு. நாம ரெண்டு பேரும் பாத்துக்கினு இருக்கறோம், வெக்கமா இல்ல?"

"எங்க டாக்டர்தான்..." என்று இழுத்தேன்.

"அவரு நம்பர குடும்மா."

அன்று மாலைக்குள் குழு தயாராகிவிட்டது. உங்கள் மருத்துவர், எங்கள் மருத்துவர், நீ, நான். நெசவாளரை அன்றே சேர்த்துக்கொண்டோம். நான்காம் நாள் உங்கள் மருத்துவர் எங்கள் வார்டுக்கே வந்து அவரைப் பார்த்து, மாத்திரையை ஆரம்பித்தார். அடுத்த சில வாரங்களில் திருப்புட்குழிப் பக்கத்திலிருந்த மறுவாழ்வு இல்லம் ஒன்றும், இன்னும் சிலரும் குழுவுக்குள் வந்தார்கள்.

அந்தப் புதியவர்களில் ஒருவர்தான் நெசவாளரின் பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து, பெயரை மறைக்காமல் குழுவில் போட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் நீக்க வைத்தாய். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டோம். யார் யாருக்கு உறவு, யார் யாருக்குத் தறிவேலை கொடுக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊர் இது. குழுவை மூடிவிடலாம் என்றார் எங்கள் மருத்துவர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

"மூடறது இருக்கட்டும். மொதல்ல அவருகிட்ட சொல்லணும்" என்றாய் நீ.

அவர் அப்போது எங்கள் வார்டில்தான் இருந்தார். தனி அறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்தோம். நீ நின்றுகொண்டே சொன்னாய். "உங்க ரிப்போர்ட்ட எங்க குழுவுல பேரோட போட்டுட்டாங்க. எடுத்துட்டோம். ஆனா குழுவுல எல்லாரும் பாத்துட்டாங்க. தப்பு எங்க மேலதான்."

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"அதனாலதான் சொல்றேன்."

அன்று மாலையே அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் எந்த மையத்துக்கும் வரவில்லை. நீ தினமும் அழைத்தாய், அவர் எடுக்கவில்லை. "உண்மைய சொன்னதாலதான் போயிட்டாரு" என்று நான் ஒருநாள் கோபத்தில் கத்தினேன். உன் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஒரு காலை அவர் உங்கள் மையத்துக்கு வந்து நின்றார். குடித்திருந்தார். ஆனால் தெளிவாகப் பேசினார் என்று எனக்கு உடனே போன் செய்தாய். "மாத்திரை போடறேன். ஆனா என் பேரு எதுலயும் வரக்கூடாது. என்னைக் கேக்காம ஒரு எழுத்து போடக்கூடாது." அவர் சொன்னதை அப்படியே குழுவின் விதியாக எழுதினாய். அதை ஒப்புக்கொள்ளாத இருவரை நீக்கினாய். குழு மூடப்படவில்லை.

அவர் இப்போது குடிப்பதில்லை. மாத்திரை தவறுவதில்லை. தறியில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை நெய்கிறார். நீ மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத செய்தியை நான்தான் அவரிடம் சொன்னேன். "எங்கிட்ட வந்து தப்புன்னு சொன்னது அந்தம்மா ஒருத்திதான்" என்றார்.

போன வாரம், புதிதாகத் திறந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தின் பொறுப்பாளர் போனில், "எச்.ஐ.வி. இருக்கறவங்கள நாங்க எடுக்கறதில்லைங்க" என்றார். நான் நேரில் போனேன். உன்னைப்போல் வாசலில் நின்று சத்தம் போட எனக்கு வராது. அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படிப்பட்டவர்களை எங்கள் வார்டில் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோதும் நான் அங்கேயே இருந்தேன்.

"இன்னும் போவலையாம்மா?"

"சேத்துக்கறேன்னு சொல்லுங்க, போறேன்."

நான்கு மணிக்கு, "சரி, சேத்துக்கறோம்" என்று அவரே தன் எண்ணைச் சொன்னார். அவரைக் குழுவில் சேர்த்துவிட்டு எழுந்தேன். உன் குரல் எனக்கு வாய்க்கவில்லை. ஆனால் ஆகாது என்று ஒருவர் சொன்னதும் எழுந்து வந்துவிடும் பழக்கம், உன்னோடு பழகிய பிறகு என்னை விட்டுப் போய்விட்டது.