பின்வாசலுக்கு ஒரு படி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான், இருந்தும் ஒன்றும் கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சர் திருத்தாமல் நானே எழுதும் முதல் கடிதம் இது. மூன்று நாளாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ பாதியிலேயே குறுக்கிடுவாய். கடிதத்தில் கடைசி வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்காலில் தையல் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் எதையும் பிடிக்காமல் நடக்கிறாள். பின்வாசல் ஒன்றுதான் அவளுக்கு எதிரி. வாசலுக்கும் தரைக்கும் ஓரடி உயரம். இறங்க முடியாமல் தன் தக்காளிச் செடிகளை ஜன்னல் வழியாக அதட்டிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றினால், வேரில் ஊற்றவில்லை என்று திட்டு. “இந்த வீடு இனிமே உங்களுக்கு ஒத்துவராதுப்பா, மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போறேன், வித்துடலாம்” என்று நீ சொன்னதற்குக் காரணம் அந்த ஓரடிதான் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை. அம்மா அன்று அங்கே விழப்போனதைப் பார்த்தவள் நீ.

நடுவில் ஒரு மரப்படி செய்து தரும்படி தச்சரிடம் கேட்டேன். நாளைக்கு என்றார். அவருடைய நாளை இன்னும் விடியவில்லை. அதனால் நானே மின்சார ரம்பம் வாங்கிவிட்டேன். பதறாதே. பத்து விரலும் இருக்கின்றன.

கடையில் மூன்று காட்டினார்கள். மேசையோடு சேர்ந்த பெரியது, கையில் பிடிக்கிற வட்ட ரம்பம், தையல் மெஷின் ஊசி போல மேலும் கீழும் ஓடுகிற மெல்லிய பிளேடு வைத்த ஜிக்சா. “பெரியவரே, இது வெண்ணெய் வெட்டுற மாதிரி வெட்டும்” என்று கடைக்காரர் வட்ட ரம்பத்தை என் பக்கம் தள்ளினார். பிளேடு வாங்க வந்திருந்த ஒருவர், நாற்காலி செய்கிறவராம், சும்மா இருக்கவில்லை. “வெண்ணெயும் வெட்டும், விரலையும் வெட்டும். பலகையில சிக்கினா உங்க மேலேயே பாயும். முதல் ரம்பத்துல வேகம் பாக்காதீங்கய்யா. உங்க கைக்கு அடங்குதான்னு பாருங்க” என்றார். எவ்வளவு மரம் அறுக்கப் போகிறேன் என்று கேட்டார். ஒரு படி என்றேன். “ஒரு படிக்கு எதுக்கு யானை?” என்றார். ஜிக்சாவைத் தூக்கிப் பார்த்தேன். கைக்கு அடங்கியது. மெதுவாகத்தான் அறுக்குமாம். எனக்கும் எங்கும் ரயில் பிடிக்க வேண்டியதில்லை.

ஒரு வருட வாரண்டி என்றார் கடைக்காரர். நான் பெட்டியைத் திருப்பி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். ஆறு மாதம் என்று போட்டிருந்தது. “கண்ணாடி போடல, அதான்” என்றார் அவர், மூக்கின் மேல் கண்ணாடியோடு. வீடு வரும் வரை வழியிலிருந்த அத்தனை போர்டுகளையும் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை.

அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். ரம்பத்தோடு வந்த புத்தகத்தை முழுக்க அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகுதான் பிளக்கைச் சொருக வேண்டும். பன்னிரண்டு பக்கம். நாளுக்கு ஒரு பக்கம்தான் எனக்கு வரும். ஒன்பதாம் பக்கத்தோடு பொறுமை போய்விட்டது. மத்தியானம் அவள் கண்ணயர்ந்த நேரத்தில், பலகையைச் சாப்பாட்டு மேசை விளிம்பில் வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, அறுத்தேன். என்ன சுகமாகப் போனது தெரியுமா! பலகையை எடுத்தால் மேசையிலும் அதே கோடு, ஒரு சாண் நீளத்துக்கு. பிளேடு பலகைக்கு அடியிலும் நீட்டிக்கொண்டிருக்கும், கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும் என்று பத்தாம் பக்கத்தில் போட்டிருக்கிறது.

சத்தம் கேட்டு வந்த அம்மா மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஒண்ணு அறுக்கச் சொன்னா ரெண்டு அறுத்திருக்கீங்க. கெட்டிக்காரர்தான்” என்றாள். பிறகு என் கைகளை வாங்கி ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட இடத்தில்தான் இனி என் தட்டாம்.

மீதிப் பக்கங்களை ஒழுங்காகப் படித்து முடித்தேன். பின்வாசலில் இரண்டு முக்காலி போட்டு, அறுக்கிற இடத்துக்கு அடியில் வெறும் காற்று இருக்கும்படி பலகையை வைத்து அறுத்தேன். அரையடி உயரம், இரண்டு பாதமும் தாராளமாக வைக்கிற அகலம். நான் ஏறிக் குதித்துப் பார்த்தேன். ஆடவில்லை. இறங்கிப் பார் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வீம்புக்கு மாட்டேன் என்பாள்.

நேற்றுக் காலை சவரம் செய்துகொண்டிருந்தேன். “ஏங்க, இந்தச் செடியக் கழுத்த நெரிக்கிற மாதிரியா கட்டுவாங்க?” என்று திட்டு கேட்டது. ஜன்னலில் அவள் இல்லை. பாதி முகத்தில் நுரையோடு ஓடினேன். செடிகளுக்கு நடுவில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால்கூட எதையும் பிடிக்கவில்லை.

வீட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொன்னாயே, அதைக் கொஞ்சம் தள்ளி வை. படிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி போடப் பலகை பார்த்து வைத்திருக்கிறேன். எப்படி வந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் சுகமாக இருங்கள். மாதக் கடைசியில் வரும்போது முன்பக்கம் மணி அடித்துக்கொண்டு நிற்காதே. சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வா. அம்மா அங்கேதான் இருப்பாள்.

தன் கையால் எழுதிய,
உன் அப்பா