பாம்பு ஆண்டின் முதல் காலடி

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

மழை விடவில்லை. ஆறு படித்துறையின் மூன்றாம் படி வரை வந்துவிட்டது. மாடி அறையில் இருந்த தம்பதி கிளம்பிப் போனார்கள். ஈரத் துண்டை அலமாரிக்குள் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறக்க மாட்டேன்.

மத்தியானம் மருமகள் லியென் காகிதமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். நம் வீட்டில் தங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதி ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டப் போகிறாளாம்.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதுறேன். யாரு என்னிக்கு என்ன தப்பு பண்ணாங்கன்னு உங்களுக்குத்தான் ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கும்."

கிண்டல்தான். ஆனாலும் சொன்னேன். சோற்றில் சாப்பாட்டுக் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது, அது செத்தவர்களுக்கு வைக்கிற படையல் (2017, தாடிக்காரன்). எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால் (2019, அக்கா தங்கை இருவரும்). செருப்பு வாசலுக்கு வெளியே. தெருவைக் கடக்கும்போது ஓடாதே, நிற்காதே, பின்வாங்காதே, ஒரே சீராக நட, வண்டிகள் உன்னைச் சுற்றிக்கொண்டு போகும் (2022, நடுத்தெருவில் நின்று அழுத பெண், நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன், ஒரு நன்றி இல்லை).

"புத்தாண்டு காலையைப் பத்தி எழுதட்டுமா? யாரும் முன்வாசல் வழியா முதல்ல நுழையக் கூடாதுன்னு?"

"அதைக் கூடவா எழுதுவாங்க? எருமைக்குக் கூடத் தெரியும்."

அவள் எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் திட்டித் திட்டிச் சொன்னதையெல்லாம் அவள் எழுதிப் படித்துக் காட்டும்போது உபசாரம் மாதிரி இருக்கிறது. இந்தப் பக்குவம் எனக்கு வராது.

டிசம்பர் 19

பேத்தி தூய், தா நாங் நகரத்திலிருந்து வந்துவிட்டாள். நாலரை மாதம். படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதற்கு முன் இரண்டு போயிற்று. இரண்டையும் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நான் பேசவில்லை. நினைக்காமல் இருக்க முடியுமா? புத்தாண்டு காலையில் வீட்டுக்குள் முதலில் நுழைகிறவரின் ராசிதான் அந்த வருஷம் முழுக்க. போன பூனை ஆண்டில் எங்கள் வாசலில் முதலில் நுழைந்தவன் மரக்கடைக்காரன் — அவன் வீட்டில் அப்போது இழவுத் துக்கம், மறைத்துவிட்டான். ஆவணியில் முதல் குழந்தை போயிற்று. இந்த டிராகன் ஆண்டில் பக்கத்து வீட்டுக்காரன், பெண்டாட்டியோடு அடித்துக்கொண்டு நேராக இங்கே வந்தவன். இரண்டாவதும் தக்கவில்லை.

ஜனவரி 4, 2025

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு இதற்குப் போதும். பன்னிரண்டு விலங்கு வரிசையில் அடுத்து வருவது பாம்பு ஆண்டு. சேவல் ஆண்டில் பிறந்தவன் முதலில் நுழைந்தால் நல்லது. மனைவி உயிரோடு இருக்க வேண்டும், பிள்ளைகள் தங்கியிருக்க வேண்டும், வீட்டில் துக்கம் இருக்கக் கூடாது. பன்றி ஆண்டுக்காரர் மட்டும் வாசல் பக்கமே வரக் கூடாது.

தெரு முழுக்க எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரே ஆள்தான். கொழுந்தன் வின்.

வேறு யாருமே இல்லையா?

ஜனவரி 5

இல்லை.

ஜனவரி 7

வின் வீட்டுக்குப் போனேன். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு. தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் படகோடு வந்தவன், கூரை ஓட்டின் மேல் கைக்குழந்தையோடு நான் உட்கார்ந்திருக்க, தன் சண்டைச் சேவலை முதலில் ஏற்றிக்கொண்டு போனான். "இதோ வந்துடுறேன் அண்ணி" என்றான். வரும்போது மத்தியானம். அந்தக் கைக்குழந்தைதான் தூய்.

வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன அண்ணி, வழி தப்பி வந்துட்டீங்களா?"

"கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு."

"உக்காருங்க."

"நின்னே சொல்லிடுறேன். நீ சேவல் வருஷந்தானே?"

வலையைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். "சேவலாலதானே என்னைத் தள்ளி வெச்சீங்க. இப்ப சேவல் வேணுமாக்கும்?"

திரும்பி வந்துவிடலாம் என்றிருந்தது. தூய் முகம் நினைவுக்கு வந்தது. அப்படியே நின்றேன்.

அவன் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பேத்திக்காகத்தான் வந்திருக்காங்க, ஏன்யா வாயாடுற?"

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றான் வின்.

"ஏழு."

"நீலப் பட்டு அங்கியில வரேன். நீங்க திட்டுறதுக்கு ஏதுவா இருக்கும்."

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஜனவரி 22

அடுப்புத் தெய்வம் வீட்டுக் கணக்கைச் சொல்ல வானத்துக்குப் போகிற நாள். பூசை முடிவதற்குள் புது விருந்தாளி வந்து நிற்கிறாள். வில்மா. நெதர்லாந்து. அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கதவு உயரம். இரண்டு வாரம் தங்குகிறாள். லியென் அவளுடைய கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு போய் வார்டு காவல் நிலையத்தில் பெயர் பதிந்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அந்த நெட்டை மனுஷி கதவில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தாள். நான் கண்ணால் பார்த்தேன்.

ஜனவரி 25

இந்த வில்மாவிடம் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. முயன்றேன். செருப்பைக் கழற்றி வரிசையில் வைக்கிறாள். தேநீரை இரண்டு கையால் வாங்குகிறாள். இன்று சந்தைக்குப் போகையில் வண்டிகள் ஆறாக ஓடுகிற தெருவில் இறங்கி, கோவில் மண்டபத்தில் நடப்பது போல நடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். நாற்பது வருஷமாகக் கடக்கிற நான் பின்னால் நின்றேன்.

ஜனவரி 29, சந்திரப் புத்தாண்டு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆறே முக்காலுக்கு முன்கதவைத் திறந்து வைத்தேன். வின் வருவதற்காக. எல்லோரும் புதுத் துணியில் கூடத்தில். தூயை நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம்.

வாசலில் நிழல் விழுந்தது. வில்மா. இருட்டிலேயே பக்கவாசல் வழியாக ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறாள், எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தவள் கதவு திறந்திருக்கிறதே என்று — செருப்பைக் கழற்றினாள், வரிசையில் வைத்தாள், உள்ளே வந்தாள், இரண்டு கையையும் சேர்த்து நம் மொழியிலேயே புத்தாண்டு வாழ்த்துச் சொன்னாள். தாளில் இருந்தபடி. ஒரு பிசகில்லை.

தூய் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

என் வாய்தான் முந்திக்கொண்டது. "இவ என்ன வருஷம்?"

"அம்பத்தொன்பது," என்றாள் லியென், தரையைப் பார்த்துக்கொண்டு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தவள் அவள்தானே.

ஐம்பத்தொன்பது. பன்றி.

அவளைத் திட்ட முடியுமா? எதற்காக? தாளில் இல்லை. எருமைக்குக் கூடத் தெரியும் என்றது யார்?

அப்போது வின் வந்து நின்றான், நீலப் பட்டில். எங்கள் முகங்களைப் பார்த்தான், வில்மாவைப் பார்த்தான், தூயைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"லியென், இந்தம்மா பேரை வார்டுல பதிஞ்சியா?"

"பதிஞ்சேன் மாமா. இருபத்திரண்டாம் தேதி."

"எந்த வீட்டு விலாசத்துல?"

"இந்த வீடுதான்."

"அப்ப இவங்க இந்த வீட்டு ஆளு. வீட்டு ஆளு காத்து வாங்கப் போயிட்டுத் திரும்பி வர்றது ஒரு வருகையா? நான் இன்னும் உள்ளயே வரலையே." தூயைப் பார்த்துத்தான் சொன்னான். "என்ன அண்ணி, முறையெல்லாம் எங்கள விட உங்களுக்குத்தான் தெரியும். சரிதானே?"

சரியில்லை. வீட்டு ஆளே வெளியே போய்ப் புத்தாண்டில் முதலில் நுழைந்தாலும் அது கணக்குதான். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். தூய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் முறை பற்றி நான் பொய் சொன்னதாக ஒருவரும் சொன்னதில்லை.

"சரிதான்," என்றேன். "எங்க மாமியார் காலத்துலயும் அப்படித்தான்."

தூய் மூச்சு விட்டாள். வின் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தான். அவ்வளவு நிமிர்ந்து அவன் நடந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு முதல் கோப்பையை நானே ஊற்றினேன். இரண்டு கையால்.

ஜனவரி 31

வில்மா லியெனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டாள். என்னிடம் வந்து உட்கார்ந்தாள், கண் கலங்கியிருந்தது. லியென் மொழிபெயர்த்தாள்: "தாள்ல இல்லாததையும் பாட்டி சொல்லணுமாம். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லையாம்."

தப்பு என்னுடையது என்று சொல்லச் சொன்னேன். பிறகு எருமைக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டு நாள் பிடிக்கும் போலிருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறாள்.

பிப்ரவரி 5

வில்மா போய்விட்டாள். துண்டை வெயிலில் உலர்த்திவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 14

தூய்க்கு வலி. ஆஸ்பத்திரி. நான் போகவில்லை, போனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பன்றி, பன்றி என்றே மனசு அடித்துக்கொண்டது. வின் வந்து சாயங்காலம் வரை என் எதிரில் உட்கார்ந்து வலை பின்னினான்.

மார்ச் 15

ஒன்றுமில்லையாம். படுத்திருந்தால் போதுமாம்.

மே 9

பெண். இரண்டே முக்கால் கிலோ. தாயும் நலம்.

ஜூன் 8

குழந்தைக்கு இன்று ஒரு மாதம் நிறைந்தது. குழந்தையைக் காக்கும் பன்னிரண்டு தாதித் தெய்வங்களுக்கும் பாயசமும் ஒட்டரிசிச் சோறும் படைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் முறைப்படி குழந்தையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அழகு என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாத காதுகளில் விழுந்துவிடும் அல்லவா. "அடேயப்பா, என்ன அவலட்சணம்" என்றான் வின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. மீனில் உப்பு குறைவு என்றும் சொன்னான். அதைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

லியென் படம் அனுப்பியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் நெதர்லாந்திலிருந்து பதில் வந்தது. எல்லோரும் கேட்க அவள் படித்துக் காட்டினாள்:

"பாட்டி, என் வாழ்நாளில் இவ்வளவு அசிங்கமான குழந்தையை நான் பார்த்ததே இல்லை."