வெற்றிச் சீட்டு

அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அப்பா ஒழுங்கா மாத்திரை போடுறாரா? போன்ல சொன்னா குரல் காட்டிக் குடுத்துடும், அதான் எழுதுறேன்.

இங்க பெரிய விளையாட்டுப் போட்டி நடக்குது. ஸ்டேடியம் வாசல்ல ஒரு ஓட்டலோட தள்ளுபடிச் சீட்டு குடுக்கிறதுதான் என் வேலை. உள்ளூர் டீம் ஜெயிச்சா மஞ்சள் கட்டு, 'வெற்றி! பாதி விலை'ன்னு போட்டிருக்கும். தோத்தா வெள்ளைக் கட்டு. ஞாயித்துக்கிழமை மேட்ச் முடியறதுக்குள்ளயே சூப்பர்வைசர் மஞ்சளைப் பிரிக்கச் சொல்லிட்டார். டீம் தோத்துடுச்சு.

வெளிய வந்தவங்கள்ல நாலு பேர் என் கையில மஞ்சள் சீட்டைப் பார்த்து வளைச்சுக்கிட்டு, "வெற்றியை நீயே தின்னுடா"ன்னாங்க. ஆறு சீட்டு தின்னேன். அன்னைக்கு நீ சாப்பிட்டியான்னு கேட்டப்ப, ஆச்சுன்னு சொன்னது பொய்யில்லம்மா.

சூப்பர்வைசர் தடுக்கல, வீடியோ எடுத்தார். ஊரே அதைப் பார்த்துட்டு வந்து ஓட்டல்ல உக்கார இடமில்ல. முதலாளி தோளைத் தட்டி, "சனிக்கிழமை மேட்சுக்கும் தின்னுடு தம்பி"ன்னார். எனக்காக மெல்லிசான காகிதத்துல அச்சடிக்கிறாராம், நல்ல மனுஷன்.

கொஞ்சம் ஊறுகாய் அனுப்பு, நாக்குல மை ருசி போகல.

வேலைக்குப் போற பஸ் வந்துடுச்சு. வீடியோ அங்க வந்தா அப்பாகிட்ட காட்டாதே. கடைசியில நான் கையெடுத்துக் கும்பிடுறதை நடிப்புன்னு நினைச்சு எல்லாரும் சிரிக்கிறாங்க. நீயும் சிரிச்சிடும்மா.