சனிக்கிழமை ரேடியோவில் பேசுகிற டெல்மர் நான் இல்லை

இண்டியானா
1939 அக்டோபர், ஞாயிறு காலை

அன்பு மகள் லுவெல்லாவுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நான், உன் சித்தி ஓரா, பெரிய பெண்பன்றி, அதன் குட்டிகள் எல்லோரும் திடமாக இருக்கிறோம், அங்கே ஆரிகனில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பயலும் அதே திடத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் சாப்பாட்டு மேசையில் வேண்டிக்கொண்டுதான் கரண்டியைக் கையில் எடுக்கிறோம். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா? மர மில்லில் வேலை செய்கிறவன் மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் போகலாமா, ஈரத்துணியைக் கட்டச் சொல், நான் சொன்னேன் என்று சொல். என் நெஞ்சைப் பார், இந்த வயதிலும் காளைமாட்டு நெஞ்சு, போன மாதம் டாக்டர் அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மிஸ்டர் ஃபௌட்ஸ், உங்களுக்கு வைத்தியம் பார்த்தால் எனக்குத்தான் பாவம் என்று சொல்லிவிட்டார். சித்தி அப்படி அவர் சொல்லவே இல்லை என்கிறாள், அவள் அப்போது வாசல் அறையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள், அவளுக்கு எப்படித் தெரியும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது, சித்தி உரக்கப் படித்தாள். சனிக்கிழமை ரேடியோவைத் திருகினேன், சிகாகோ நிலையம் மணி அடித்த மாதிரி தெளிவாகக் கேட்டது, பூசணிப் பாத்திப் பன்றியைப் பற்றிச் சித்தப்பா பேசினதைக் கேட்டேன், உங்கள் குரல் முன்னைவிடக் கனமாக நன்றாக இருக்கிறது, கேட்டுக்கொண்டே அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். சித்தி அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து போய்ப் பன்றிகளுக்குத் தீனி போட்டேன், அதுகள் ஏற்கெனவே தின்றுவிட்டு என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தன. மகளே, அது நான் இல்லை. உன் மூன்று வயதில் விஷக்காய்ச்சல் உன் அப்பா அம்மாவைக் கொண்டுபோன பிறகு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வளர்த்தவன் நான், என் குரலைக் கேட்டுத்தான் நீ தூங்கினாய், என் குரலைக் கேட்டுத்தான் சோறு தின்றாய், அந்தக் காதே ஏமாந்துவிட்டதே என்று நினைக்கும்போது எனக்கு வருகிற அருவருப்பு உன்மேல் இல்லை, அந்தக் கம்பெனிக்காரன்மேல். நடந்ததைச் சொல்கிறேன், முழுதாகக் கேட்டுக்கொள்.

எங்கள் பன்றிக்கொட்டில் சங்கீதக்காரர்களை உனக்குத் தெரியாதா, மாதா கோயில் நிலவறையில் சோளம் உரிக்கிற விருந்தில் தொடங்கினது, ஹார்லிக்குக் கிளாரினெட், அவன் தம்பிக்குக் கிதார், எனக்கு உன் சித்தியின் துவைக்கிற தகரப்பலகை, அதில் கார் ஹாரனும் மாட்டுமணியும் கட்டி விரலில் தையல் உறை மாட்டிச் சுரண்டினேன் என்றால் செத்த கிழவன்கூடக் காலைத் தட்டுவான். நான் சுரண்டுவதோடு இடையிடையே பேசவும் பேசுவேன், ஜனங்கள் சிரித்தது அதற்குத்தான், ஹார்லியே அதை மறுக்கமாட்டான். சிகாகோ ரேடியோவுக்குப் போனோம், எங்கள் நேரம் வந்தால் மூன்று மாநிலத்தில் பால் கறக்கிறவர்கள் கையை எடுத்துவிடுவார்கள், கவர்னரின் மனைவி சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தாள் என்று என்னிடமே ஒருவர் சொன்னார். அப்புறம்தான் வயிற்றுக்கோளாறுக்கு உப்பு விற்கிற அந்தக் கம்பெனி வந்து, தன் விளம்பரத்துக்காக எங்களை எடுத்துக்கொண்டது. போன வசந்தத்தில் கம்பெனி ஆள் ஒருவன், பூனைக்கு எண்ணெய் தடவின மாதிரி தலை, என்னைக் கூப்பிட்டு, மிஸ்டர் ஃபௌட்ஸ், நியூயார்க்கில் கேட்கிறவர்களுக்கு உங்க பேச்சு நாட்டுப்புறத்தான் பேச்சு மாதிரி இல்லையாம், ரொம்ப வேகமா இருக்காம் என்றான். என் பூட்ஸைக் கழற்றித் தருகிறேன், ஒரு தடவை மோந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க என்றேன். அவன் சிரிக்கவில்லை. உப்பு விற்கிறவனுக்குச் சிரிப்பு எங்கே வரப்போகிறது.

அடுத்த வாரம் பிரஸ்காட் என்று ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஃபிலடெல்ஃபியாக்காரன், நாடகத்தில் இளவரசன் வேஷம் கட்டினவன், பன்றியைத் தட்டில் வறுவலாகத்தான் பார்த்திருக்கிறான். கழுத்தில் பட்டுத்துணி. மைக்குக்கு முன்னால் வாயில் ஒரு வைக்கோலைக் கடித்துக்கொண்டு நிற்பான், ரேடியோவில் அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது, அந்த வைக்கோலையும் பூக்கடையில் வாங்கியிருக்கிறான்! இனிமேல் டெல்மராகப் பேசப்போவது இவர், நீங்கள் பலகையைச் சுரண்டினால் போதும், டெல்மர் என்கிற பேர் ஒப்பந்தப்படி கம்பெனிக்குச் சொந்தம் என்றான் எண்ணெய்த்தலையன். ஹார்லி தரையைப் பார்த்தான். என்னைப் பெற்றவள் ஞானஸ்நானத் தொட்டியில் வைத்து வைத்த பேரடி அது! அப்படியே ஆறு மாதம் நின்றேன், எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் ஒருவன் என் பேரைச் சொல்லிக்கொண்டு, சேற்றில் மாட்டின காலைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துப் பேசுவான், நான் கையால் சுரண்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுதும்போது எனக்கே நம்பமுடியவில்லை. உனக்கு எழுதாமல் இருந்ததும் அந்த வெட்கத்தால்தான்.

போன மாதக் கடைசியில் நம் கவுண்டிப் பொருட்காட்சிக் கொட்டகையிலிருந்தே நேரடியாக ஒலிபரப்பு என்று முடிவாயிற்று. இங்கே என் மூஞ்சியை எல்லோருக்கும் தெரியும், பிரஸ்காட்டைக் காட்டினால் அழுகின தக்காளிதான் பறக்கும். அதற்குக் கம்பெனி ஆள் ஒரு வழி கண்டுபிடித்தான் பார், அவனைத் திரைக்குப் பின்னால் ஒரு மைக்கோடு உட்காரவைப்பது, நான் முன்னால் நின்று வாயை மட்டும் அசைப்பது. வீட்டுக்கே வந்து கண்ணாடிக்கு முன்னால் பழக்கினார்கள், கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினேன், உன் சித்தி பார்த்துவிட்டு, சீ, என்ன கண்றாவி இது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். முடியாது என்றால் இருக்கிற பலகையும் போய்விடும், அதனால் ஒப்புக்கொண்டேன்.

அன்று கொட்டகையில் எள் போட இடமில்லை, ஐயாயிரம் பேர் இருப்பார்கள், சித்தி ஐந்நூறு என்கிறாள். முதல் பாட்டு முடிந்தது, திரைக்குப் பின்னாலிருந்து அவன் பேசினான், நான் அசைத்தேன், ஜனங்கள் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் சிரித்தார்கள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியுமே, மேடையில் நிற்கிறவனைக் கீழே இருக்கிறவர்கள் கூப்பிட்டு ஏதாவது கேட்காமல் விடமாட்டார்கள், அவன் பதில் சொல்லியாகவேண்டும், சொல்லாவிட்டால் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். கம்பெனிக்காரனுக்கு இது எங்கே தெரியும்! மூன்றாம் வரிசையில் நம் வேலிக்கு அந்தப்பக்கத்து ஸ்டெக்மன் வீட்டு ஹில்டா எழுந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஏய் டெல்மர், உன் பன்னி மறுபடியும் என் பூசணிப் பாத்தியில படுத்துக் கிடக்கு, நீ இங்க வந்து பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறியா என்று கத்தினாள்.  திரைக்குப் பின்னால் காகிதம் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, எழுதிக் கொடுத்ததில் பன்றி இல்லை. ஹில்டா விடுகிறவளா, வாயில என்னத்த வச்சிருக்கே, வெந்த உருளைக்கிழங்கா, பதில் சொல்லுய்யா என்றாள். உள்ளே இருந்தவன் பயந்துபோய்க் கையில் அகப்பட்டதைப் படித்துவிட்டான், ஆஆமாங்க, என் வயிறு இப்ப பஞ்சு மாதிரி இருக்குங்க என்று, அது உப்பு விளம்பரம். அந்த நேரம் என் வாய் இறுக்கமாக மூடியிருந்தது மகளே, அத்தனை பேரும் பார்த்தார்கள். என் பேச்சு வேறெங்கேயோ இருந்து வருவதை என் ஊரே பார்த்தது. எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மைக்கை இழுத்து என் சொந்தத் தொண்டையில், அது அங்க படுத்திருக்கறதுதான் உன் தோட்டத்துக்கே மரியாதை ஹில்டா, இல்லாட்டி அங்க உருண்டையா ஒண்ணுமே இருக்காது என்றேன். கொட்டகை வெடித்தது. கூரைத் தகரம் இரண்டு பெயர்ந்து போனது, அதில் ஒன்று பக்கத்துப் பண்ணையில் கிடைத்தது, போய் விசாரித்துப் பார். ஹில்டாவே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

இதோடு பிரஸ்காட் வெட்கப்பட்டு ஓடியிருப்பான் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். எண்ணெய்த்தலையன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரமாதம், பிரமாதம், இதை வாராவாரம் வைத்துவிடலாம் என்றான். வைத்தும்விட்டார்கள். அடுத்த சனிக்கிழமை சிகாகோவில் பிரஸ்காட் அதே பன்றியை அதே பூசணியில் படுக்கவைத்தான், ஹில்டாவாகப் பேச ஒரு நடிகையைப் பிடித்திருந்தார்கள், நான் பக்கத்தில் நின்று மணி அடித்தேன். நீ கேட்டு அழுதது அதைத்தான். உன்மேல் தப்பில்லை, பன்றி நம்முடையது, வேலி நம்முடையது, பேச்சு நம்முடையது, குரல் மட்டும்தான் கூலிக்கு வந்தது.  ஹில்டா அந்த ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு வேலிக்கு மேலே எட்டி, அவ யாருடி என் பேர்ல பல்லு போன கிழவி மாதிரி பேசறா என்று சித்தியிடம் சண்டைக்கே வந்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ஹார்லி சொன்னான், அண்ணே, கம்பெனி இறங்கி வந்திருக்கு, நீங்க பிரஸ்காட் மாதிரி பேசக் கத்துக்கிட்டா மைக்கை உங்களுக்கே தர்றாங்களாம் என்று. அதற்கு ஒரு வாத்தியாரம்மாவும் வைத்திருக்கிறார்கள், மிஸ் ஆல்டன், காலேஜில் பேச்சுக்கலை படித்தவள், கையுறை போட்டுக்கொண்டு எனக்கு நாட்டுப்புறத்தான் மாதிரி பேசக் கற்றுக்கொடுத்தாள். ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தேன், உன்மேல் சத்தியமாக உட்கார்ந்தேன். மிஸ்டர் ஃபௌட்ஸ், தாடையைத் தொங்கவிடுங்க, கொஞ்சம் புத்தி மந்தமா யோசிங்க, உங்க அப்பா எப்படிப் பேசுவாரோ அப்படி என்றாள். என் அப்பா, உன் தாத்தா, ஜட்ஜு வாயையே அடைத்த மனுஷன்! நான் எழுந்து தொப்பியை எடுத்தேன். ஹார்லி வாசல் வரை வந்து, அண்ணே, பைத்தியக்காரத்தனம் பண்ணாதீங்க, கோடிப் பேர் கேட்கிற இடம் என்றான். கேட்கிறது யாரை என்று கேட்டேன். தகரப்பலகையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

இப்போது நம் ஊர்ச் சின்ன ரேடியோ நிலையத்தில் காலையில் பன்றி விலை வாசிக்கிறேன். பேர் சொல்லக் கூடாது, சொன்னால் கம்பெனி வழக்குப் போடுமாம், அதனால் வணக்கம், இனி பன்றி விலை என்று தொடங்கி என் இஷ்டத்துக்குப் பேசுகிறேன், விலையைவிடப் பேச்சுதான் அதிகம் என்று இரண்டு பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். அது வபாஷ் ஆற்றைத் தாண்டாது லுவெல்லா. நீ என்னதான் திருகினாலும் ஆரிகனில் இரைச்சல்தான் வரும். அங்கே இனி உனக்கு எட்டுவது அவன் குரல் மட்டும்தான், என் குரல் வேண்டுமென்றால் நீதான் வரவேண்டும். கிறிஸ்துமஸுக்கு மில்லில் லீவு கேட்கச் சொல், மாப்பிள்ளை முனகினால் என்னிடம் விடு. பேரப்பயலுக்குப் பேச்சு வருகிற வயது, தாத்தா என்று எந்தப் பெட்டியையும் அவனுக்குக் காட்டாதே, அது முக்கியம், மறந்துவிடாதே.

ஆண்டவர் உங்கள் மூவரையும் நோய்நொடியில்லாமல் காப்பாற்றட்டும், மாப்பிள்ளை நெஞ்சு சுத்தமாகட்டும், உன் கையில் நல்ல சமையலும் வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். சித்தி முத்தம் அனுப்புகிறாள், மொச்சை விதை கொஞ்சம் இதில் மடித்து வைத்திருக்கிறாள், வசந்தத்தில் ஊன்று.

இப்படிக்கு, காகிதத்தில் எழுத எவன் அனுமதியும் வேண்டாத சொந்தப் பேரில்,
உன் சித்தப்பா
டெல்மர் ஃபௌட்ஸ்